இல்லமே பயிற்சிக்கூடம்: மூளைக் காயமுற்றோர்க்கு வீட்டில் அளிக்கும் இயன்மருத்துவம்

வைத்தியசாலையிற் பல நாட் கிடந்த ஒருவர் வீடு திரும்பும் நாள் அக்குடும்பத்தார்க்கு மகிழ்ச்சிக்குரிய நாளாகும். படலையிலே அயலவர் கூடுவர். வாசலிலே உறவினர் காத்து நிற்பர். ஆயின், இருவர் தாங்க வாகனத்தினின்றும் இறக்கப்படுபவர், சென்ற மாதந்தான் தாமே சைக்கிளேறிச் சந்தைக்குப் போய் வந்தவர். இன்று அவருடைய வலக்கை மடங்கித் தொங்குகின்றது. வலக்கால் நிலத்தில் இழுபடுகின்றது. வாய் ஒருபுறம் கோணியுள்ளது. அவரைக் கட்டிலிற் கிடத்தியபின் அவ்வீட்டிலுள்ளார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். "இனி என்ன செய்வது?" என்னும் வினா எல்லார் மனத்திலும் எழுகின்றது. அவ்வினாவிற்கு இற்றை நாள் மருத்துவ அறிவு தரும் விடையை, நமது பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வீடுகளிற் பெரும்பாலும் நிகழ்வது யாது? அன்பு மிகுதியினால் நோயாளிக்குரிய கருமங்கள் அனைத்தையும் பிறரே செய்து விடுகின்றனர். மனைவி சோற்றைக் குழைத்து ஊட்டுகின்றார். மகன் சட்டையை மாட்டி விடுகின்றான். மகள் தண்ணீர்ச் செம்பை வாயில் வைக்கின்றாள். அவர் தாமே எழுந்திருக்க முயன்றால், "பாவம், அவரை வருத்தாதேயுங்கோ" என்று பார்க்க வந்தோர் தடுக்கின்றனர். இவ்வன்பைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. ஆயினும், மூளைக் காயத்தைப் பொறுத்தவரை, இத்தகைய அன்பு எஞ்சியிருக்கும் ஆற்றலையும் தன்னையறியாமலே பறித்து விடக்கூடும். மாணவனுக்காக ஆசிரியரே கணக்கைச் செய்து கொடுப்பின், கணக்குக் கொப்பியில் இருக்கும். மாணவன் தலையில் இராது. நோயாளியின் கைகால்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றனோடு, உடனிருந்து மருந்தை முறைப்படி இயற்றி உதவுபவரையும் ஒரு கூறாக அவர் எண்ணியமை கருதத்தக்கது. இக்கட்டுரை அந்நான்காம் கூறினரை, அதாவது வீட்டாரை, முதன்மையாக நோக்குகின்றது.

மூளைக் காயம் யாது?

மூளைக்குக் காயம் இரு வழிகளால் நேர்கின்றது. வீதி விபத்து, மரத்தினின்று வீழ்தல், தலையில் அடிபடுதல் முதலியன புறத்திருந்து வருவன. குருதிக்குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ உண்டாகும் பாரிசவாதம் அகத்தே நிகழ்வது. வழி வேறாயினும் விளைவு ஒன்றே: நரம்புக்கலங்களிற் சில இறந்துபடுகின்றன, வேறு சில மயங்கிச் செயலொடுங்கிக் கிடக்கின்றன. மூளையின் இடப்பாகத்திலிருந்து வரும் நரம்பிழைகள் பெரும்பாலும் மூளைத்தண்டின் அடியில் மறுபக்கத்திற்கு மாறிச் செல்வதனால், இடப்பாகம் காயமுற்றால் வலக்கையும் வலக்காலும் தளர்கின்றன. பேச்சாற்றலின் நிலையமும் பெரும்பாலார்க்கு இடப்பாகத்திலேயே அமைந்திருத்தலின், அத்தகையோர் பலர் பேச்சையும் இழக்கின்றனர்.

ஆகவே, தளர்ந்த கையிலே காயமில்லை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். எலும்பும் தசையும் முன்போலவே உள்ளன. அவற்றை ஏவும் கட்டளையே தடைப்பட்டது. எண்ணெய் தேய்த்தலும் கையைப் பிடித்து விடுதலும் இதந்தரலாம். ஆனால் கட்டளையை மீட்டுத் தாரா. இறந்த கலங்கள் பெரும்பாலும் மீளப் பிறப்பதில்லை. எனினும், செயலொடுங்கிய கலங்கள் வீக்கம் வற்றியபின் விழித்தெழுகின்றன. நலமாயுள்ள கலங்கள் புதிய இணைப்புக்களை உண்டாக்கி, இழந்த தொழிலின் ஒரு பகுதியை ஏற்கின்றன. இப்புதிய இணைப்புக்கள் தாமே தோன்றி நிலைப்பனவல்ல. பயிற்சியே அவற்றை வளர்த்து உறுதியாக்குகின்றது.

ஒரு தந்தையும் இரு மைந்தரும்

இவ்வுண்மையை விளக்குதற்கு மெக்சிக்கோ நாட்டில் ஒரு வீட்டில் நிகழ்ந்த வரலாற்றை இங்கே தருகின்றோம். பெத்ரோ பாக்-இ-ரீற்றா என்பவர் கவிஞர்; நியூயோர்க் நகரின் சிற்றி கல்லூரியிலே கற்பித்து வந்தவர். 1959ஆம் ஆண்டு, தமது 65ஆம் வயதில், அவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். முகமும் உடலின் ஒரு பாதியும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. மனைவியை முன்னரே இழந்திருந்த அவரை, மெக்சிக்கோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மைந்தர் ஜோர்ஜ் தம்மிடம் அழைத்துச் சென்றார். வைத்தியசாலையில் நான்கு வாரப் பயிற்சி அளிக்கப்பட்டும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணாமையால், தந்தையை அவர் வீட்டிற்குக் கொண்டு வந்தார்.

ஜோர்ஜுக்கு அக்காலப் புனர்வாழ்வு முறைகள் தெரியா; அதுவே நன்மையாயிற்று. நடக்கக் கற்பிப்பதை விடுத்து, குழந்தை கற்கும் ஒழுங்கிலேயே தொடங்க அவர் எண்ணினார். முழங்காலுக்கு மெத்தை கட்டித் தந்தையைத் தவழ வைத்தார். தளர்ந்த தோளைச் சுவரிற் சாய்த்துக்கொண்டு அம்முதியவர் பல மாதம் தவழ்ந்தார். பின்னர் முற்றத்திலும் தவழ்ந்தார். கற்றறிந்த பெரியவர் ஒருவரை இங்ஙனம் நிலத்தில் ஊர விடுதல் தகாதென அயலார் முகஞ்சுளித்தனர். மைந்தர் அதனைப் பொருட்படுத்திலர். நிலத்தில் மாபிள் உருட்டி விளையாடித் தளர்ந்த கையால் எடுக்கச் செய்தார். பாத்திரம் கழுவும் வேலையும் பயிற்சியாயிற்று: நல்ல கை பாத்திரத்தைப் பற்றிக்கொள்ள, தளர்ந்த கை அதனைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கும், ஒரு திசையிற் கால் மணி நேரம், மறு திசையிற் கால் மணி நேரம். தவழ்ந்தவர் முழங்காலில் நின்றார். முழங்காலில் நின்றவர் எழுந்து நடந்தார். பேச்சும் படிப்படியாக மீண்டது. தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, முதலில் முழுக்கையையும் எழுத்தின் மேல் விழவிட்டவர், பின்னர் மணிக்கட்டையும் ஈற்றில் விரல்களையும் தனித்தனி அசைக்கப் பழகினார். சில ஆண்டுகளுள் மீண்டும் ஆசிரியப் பணியையே மேற்கொண்டார்.

1965ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோற்றா நகரை அடுத்த மலையிலே ஏறுகையில் மாரடைப்பினால் அவர் இறந்தார். பிரேத பரிசோதனையிற் கண்டதே வியப்பினும் வியப்பு. மூளைத்தண்டிலே பெருங்காயம் ஆறாமலே இருந்தது. மூளையிலிருந்து முண்ணாணுக்குச் செல்லும் நரம்பிழைகளில் நூற்றுக்கு 97 பங்கு அழிந்திருந்ததாகப் பதிவாகியுள்ளது. காயம் ஆறியதால் அவர் நடந்தாரல்லர். எஞ்சிய சிறு பங்கைக்கொண்டே நடந்தார். இதனைக் கண்ட மற்றை மைந்தர் போல் பாக்-இ-ரீற்றா, தம் வாழ்நாளின் பெரும் பகுதியை மூளையின் மாறியமையும் இயல்பை ஆராய்தற்கே செலவிட்டார்.

ஒருவர் வரலாறு அனைவர்க்கும் விதியாகாது. எல்லாரும் பெத்ரோவைப் போல எழுவர் என்று கூறுதல் பொய் நம்பிக்கை ஊட்டுவதாகும். ஆயின், எவர் எழுவார், எவர் எழார் என்பதை முதல் மாதத்திலேயே வீட்டார் முடிவு செய்துவிடலாகாது என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

கைவிடப்பட்ட கை

ஜோர்ஜ் அறியாமற் செய்ததன் காரணத்தைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். எட்வேட் டோப் என்பவர் குரங்குகளின் ஒரு கையினின்று உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்புகளை அறுத்தபோது, அவை அக்கையைப் பயன்படுத்தாமலே விட்டன. நல்ல கையைக் கட்டிவிட்டபோதோ, பயனற்றதென விடப்பட்ட கையை அவை இயக்கத் தொடங்கின. முதலிற் சில முறை முயன்று தோற்றமையால், "இக்கை உதவாது" என்று அவை கற்றுக்கொண்டன என்பது அவர் துணிபு. றன்டோல்ப் நூடோவும் அவர் தோழரும் 1996இல் வெளியிட்ட ஆய்விலே, குரங்கின் மூளையிற் கைக்குரிய பகுதியில் சிறு காயம் ஏற்படுத்தியபின், சிறு குழிகளிலிருந்து உணவை விரலால் எடுக்கப் பயிற்றினர். அங்ஙனம் பயின்றவற்றில் கைக்குரிய எஞ்சிய பகுதி காக்கப்பட்டது. பயிலாதவற்றில் அது சுருங்கியது.

இதிலிருந்து தோன்றிய முறையே நல்ல கைக்கு உறையிட்டுத் தளர்ந்த கையை வேலை வாங்கும் சிகிச்சையாகும். அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த ஒரு பரிசோதனையிற் பாரிசவாதம் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் சேர்ந்தனர். சிகிச்சை பெற்றோர் இரு வாரம் நல்ல கைக்கு உறையணிந்து, விழித்திருந்த நேரத்தின் பெரும் பகுதியும் தளர்ந்த கையாலேயே கருமமாற்ற முயன்றனர். வழக்கமான பராமரிப்புப் பெற்றோரிலும் அவர்களின் கை மேம்பட்டது. ஓராண்டின் பின்னும் அந்நன்மை நிலைத்தது. விரலும் மணிக்கட்டும் சிறிதேனும் அசைவோர்க்கே இம்முறை பொருந்தும் என்பதை மறத்தலாகாது. ஆயினும் அதன் படிப்பினை அனைவர்க்கும் உரியது. நோயாளிக்கு நாம் செய்து கொடுக்கும் ஒவ்வொரு கருமமும், "உமது கை உதவாது" என்று அவர் மூளைக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் பாடமாகலாம்.

வீட்டின் தனிச் சிறப்பு

வைத்தியசாலையிலே பயிற்சி நேரம் குறுகியது. 2009இல் வெளிவந்த ஒரு வட அமெரிக்க ஆய்வின்படி, கைப்பயிற்சி நடந்த வேளைகளில் நோயாளி தளர்ந்த கையாற் பயனுள்ள செயலைச் செய்த தடவைகள் சராசரி 32 மாத்திரமே. விலங்காய்வுகளில் மூளையை மாற்றிய பயிற்சியோ நாளொன்றிற்குப் பல நூறு தடவைகள் கொண்டது. இவ்விடைவெளியை நிரப்பவல்ல இடம் வீடேயாகும். விடிந்தது முதல் உறங்கும் வரை எழுதல், இருத்தல், பிடித்தல், துடைத்தல், மடித்தல் எனப் பயிற்சிக்குரிய கருமங்கள் அங்கே நிறைந்துள.

விலையுயர்ந்த பொறியில்லையே என்று வருந்தவும் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 408 பேரைக் கொண்டு நடந்து, 2011இல் வெளிவந்த பரிசோதனையொன்றில், உடலைத் தூக்கிப் பிடித்து ஓடுபட்டியில் நடத்தும் பொறிப் பயிற்சியையும், இயன்மருத்துவர் வீட்டிற்கு வந்து நடத்திய எளிய தேகப்பயிற்சியையும் ஒப்பிட்டனர். ஓராண்டின் முடிவில் நடையின் முன்னேற்றத்தில் இரண்டிற்குமிடையே வேற்றுமை காணப்படவில்லை. இரு திறத்தாரையும் சேர்த்துப் பாதிக்கு மேற்பட்டோர் முன்னிலும் நன்றாக நடந்தனர்.

எல்லை எது?

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டார் தாமாகவே எல்லாம் செய்துவிடலாம் என்று எவரும் கொள்ளற்க. இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1,250 பாரிசவாத நோயாளரைக் கொண்டு நடந்து, 2017இல் வெளிவந்த பரிசோதனையொன்றில், குடும்பத்தாரையே பயிற்றிப் புனர்வாழ்வுப் பயிற்சியை அவரிடம் ஒப்படைத்தனர். ஆறு மாதத்தின் பின் இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். குடும்பத்தாரிடம் பொறுப்பை ஒப்படைத்த மாத்திரத்தில் மேலதிக நன்மை விளையவில்லை. வீட்டிற்கு வந்து பார்த்து, பிழையைத் திருத்தி, வாரந்தோறும் பயிற்சியை உயர்த்தும் இயன்மருத்துவர் இருப்பின் வீடு வைத்தியசாலைக்கு நிகராகும். அவரில்லாத வீட்டில் அன்பு மாத்திரம் போதாது. இவ்விரு பரிசோதனைகளையும் சேர்த்து நோக்கி நாம் கொள்ளும் முடிபு இதுவேயாகும்.

மிகை விரைவும் தீது. 2015இல் வெளிவந்த, 2,104 பேரைக் கொண்ட பரிசோதனையொன்றில், பாரிசவாதம் கண்ட 24 மணி நேரத்துள் நோயாளியை எழுப்பி மிகுதியாகப் பயிற்றியதால் நன்மை கூடவில்லை; நற்பேறடைந்தோர் தொகை சிறிது குறைந்தது. ஆகவே எப்பொழுது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பவற்றை வைத்தியரே விதித்தல் வேண்டும்.

வீட்டிற் செய்ய வேண்டுவன

முதலாவது, கிடத்தல். தாமே திரும்ப இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுதல் வேண்டும். இல்லையேற் படுக்கைப்புண் உண்டாகும். தளர்ந்த கையைத் தலையணைமேல் ஏந்தி வைத்தல் வேண்டும். அக்கையைப் பிடித்து இழுத்துத் தூக்குதல் பெருந்தவறு. தோள்மூட்டைக் காப்பன பெரும்பாலும் தசைகளே. அவை தளர்ந்திருக்கும்போது இழுப்பின் மூட்டு விலகித் தீராத நோவாகும்.

இரண்டாவது, இருத்தலும் எழுதலும். வைத்தியர் அனுமதித்தபின் கைப்பிடியுள்ள உறுதியான கதிரையில் இரு பாதமும் நிலத்திற் பதியுமாறு இருத்துக. எழும்போது பாதங்கள் முழங்காலுக்குச் சிறிது பின்னே இருக்க, உடலை முன்சாய்த்து, இரு காலிலும் பாரத்தைப் பகிர்ந்து எழுதல் வேண்டும். கதிரையில் உறுதியான மெத்தையிட்டு உயர்த்தினால் எழுதல் எளிதாகும். வலுப்பெறப் பெற அவ்வுயரத்தைக் குறைத்தல் வேண்டும். உதவுபவர் தளர்ந்த பக்கத்தில் நின்று இடுப்பிற் கட்டிய பட்டியைப் பற்றுக; கையைப் பற்றற்க. எத்தனை முறை எழுந்தார் என்பதைக் கொப்பியொன்றில் நாடோறும் குறித்தல் நன்று. நேற்று ஐந்து, இன்று ஆறு என்னும் கணக்கைப் போல் ஊக்கந்தருவது வேறில்லை.

மூன்றாவது, கை. மேசைமேல் துவாயை விரித்துத் தளர்ந்த கையால் முன்னும் பின்னும் துடைத்தல், துணி மடித்தல், கீரை ஆய்தல், புளியங்கொட்டைகளைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்திற்கு மாற்றுதல், பல்லாங்குழி ஆடுதல் ஆகியன சிறந்த பயிற்சிகள். தனியே இயலாத கையை நல்ல கையோடு சேர்த்துப் பழக்குக. சில நிமிடம் நாம் பேசாது காத்திருந்தால் அவரே பொத்தானைப் பூட்டிவிடக்கூடும். அச்சில நிமிடத்தைக் கொடுப்பதே வீட்டாரின் பெரிய மருந்து. தளர்ந்த கைக்குச் சூடு தெரியாமலும் போகலாம். ஆகையால் வெந்நீரை நல்ல கையால் முதலிற் சோதித்தல் வேண்டும்.

நான்காவது, நடை. வழியிற் பாய், சாக்கு, மின்கம்பி முதலியன கிடத்தலாகாது. கிணற்றடியும் குளிக்குமிடமும் வழுக்கலாகாது. இரவில் மலசலகூடம் வரை வெளிச்சம் வேண்டும். அங்கே சுவரிற் கைப்பிடியும், குந்தியிருக்க இயலாதவர்க்கு உயர்ந்த இருக்கையும் வேண்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பல மாதத்து முயற்சி ஒரு கணத்தில் அழிந்துபோம்.

ஐந்தாவது, உணவு. விழுங்கும் ஆற்றல் சோதிக்கப்படுமுன் எதையும் ஊட்டற்க. நிமிர்ந்திருந்தே உண்ணல் வேண்டும். வெறுந்தண்ணீரே சிலர்க்குப் புரைக்கேறி நுரையீரலை அடையும். உண்ணும்போது இருமலோ, குரல் கரகரத்தலோ காணின் வைத்தியர்க்கு அறிவித்தல் வேண்டும்.

புதிதாகத் தோன்றும் தளர்ச்சி, கடுந்தலையிடி, இடைவிடாத வாந்தி, மிகுந்த உறக்கம், வலிப்பு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது காணினும் பயிற்சியை நிறுத்தித் தாமதியாது வைத்தியசாலை செல்லல் வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகாத காயம்

விபத்தினால் தலையிற் காயமுற்ற இளைஞர் சிலர் கைகால் நலமாயிருந்தும் முன்போல் இரார். மறதி, எளிதிற் சினத்தல், விரைவிற் களைத்தல், ஆபத்தை மதியாமை ஆகியன அவரிடத்துக் காணப்படும். இவை சோம்பலோ திமிரோ அல்ல, காயத்தின் விளைவுகளே. இன்னார்க்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கிற் பயிற்சி அமைதல் வேண்டும். ஒரு வேளையில் ஒரு கட்டளையே இடுக. செய்ய வேண்டியதை எழுதிச் சுவரில் ஒட்டுக. வானொலியின் ஒலியைக் குறைத்துவிடுக. குறுகிய பயிற்சியும் நீண்ட ஓய்வுமே ஏற்றவை. மருத்துவர் விடை தரும் வரை சைக்கிள், மோட்டார்ச் சைக்கிள் இரண்டும் விலக்கப்பட்டனவாகும். மீண்டும் தலையில் அடிபடின் வரும் கேடு முன்னையதிலும் பெரிது.

பலர் சில மாதத்தில் மனஞ்சோர்ந்து, "எனக்கு இனி வேண்டாம்" என்பர். இச்சோர்வும் சிகிச்சைக்குரிய நோயே. அறிவுரை கூறி அதனை ஓட்டிவிட இயலாது. வைத்தியரிடம் சொல்லல் வேண்டும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் விரைந்தும், அதன்பின் மெதுவாகவும் நிகழ்வது இயல்பு. மெதுவாதல் முடிந்துபோதலன்று என்பதை நோயாளியும் வீட்டாரும் அறிதல் வேண்டும்.

தாங்குவோரைத் தாங்குதல்

இத்தனையும் செய்பவர் யார்? பெரும்பாலும் மனைவி, அல்லது மகள், அல்லது மருமகள். சமையலும் பிள்ளைகளின் படிப்பும் அவர் தலையிலேயே இருக்கின்றன. பாரந்தூக்கி முதுகு நோக, இரவில் உறக்கங்கெட, ஆறு மாதத்தில் அவரே நோயாளியாகின்றார். பார்க்க வருவோர் பழமும் பிஸ்கற்றும் கொண்டு வருதலோடு அமையாது, ஒரு மணி நேரம் நோயாளியோடு இருந்து, அவருடன் நடந்து, அவ்வம்மையாரை உறங்க விடுவராயின் அதுவே பேருதவியாகும். பேரப்பிள்ளை பள்ளி விட்டு வந்து, அப்பப்பா எழுந்திருக்கும் தடவைகளை எண்ணிக் கொப்பியிற் குறிக்கலாம். அது விளையாட்டுமாகும், மருத்துவமுமாகும்.

முடிவுரை

நமது பழைய மாணவருள் வைத்தியரும் இயன்மருத்துவரும் பலர் உளர். தத்தம் ஊரில் வாரம் ஒரு நாளேனும் ஒரு வீட்டிற்குச் சென்று, பயிற்சியைப் பார்த்துத் திருத்தி வருவராயின் அது கல்லூரிக்கு அவர் செலுத்தும் நன்றிக்கடனாகும். ஏனையோர் இக்கட்டுரையின் ஒரு கருத்தை நினைவிற் கொள்வராயின் எமது முயற்சி பயன் பெற்றதாகும்: நோயாளிக்காகச் செய்தலைக் குறைத்து, நோயாளியோடு சேர்ந்து செய்தலைக் கூட்டுக.

நாம் முதன்முதல் அகரம் எழுதிய நாளை எண்ணிப் பார்ப்போம். ஆசான் நம் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தார். சில நாளில் பிடியைத் தளர்த்தினார், பின்னர் விட்டுவிட்டார். பிடிக்கவும் அறிந்து, விடவும் அறிந்தமையாலேயே நாம் எழுதக் கற்றோம். அந்த ஆசானின் இடத்தில் இன்று நிற்பவர் நோயாளியின் வீட்டார். அவரும் அங்ஙனமே பிடிக்கவும் விடவும் பழகுவாராக.